கதவைத் தட்டியது சின்னராசு

போன ஐப்பசியில் என் ஒரே மகள் நந்தினி உயிரை விடப் பார்த்தாள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. சேலத்து ஆஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். "கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதீங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க. நீங்க ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். முதல் இரண்டையும் செய்தோம். மூன்றாவதற்கு எங்கே போவது?

நான் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஆள் ஏற்றி ஜீப் ஓட்டுகிறவன். என் மனைவி செல்வி காப்பிப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போவாள். மகளோடு இருக்க வேண்டும் என்று வேலையை விட்டாள். முன்பு என் அப்பா காலை ஒடித்துக்கொண்டபோது, வந்தவர்கள் கொடுத்த பிரெட்டையும் ஹார்லிக்ஸையும் வைக்க வீட்டில் இடமில்லை. இந்த முறை வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொண்டுவந்தார். இன்னொருவர், "காலாகாலத்துல கட்டிக் குடுத்துட்டாச் சரியாப் போயிருமுங்க" என்றார். செல்வியின் சொந்த அண்ணி, "அப்புடி என்னதான் பண்ணுன பிள்ளைய?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து செல்விக்குச் சோறு இறங்கவில்லை. தலைகூட வாரிக்கொள்ளவில்லை.

ஜீப்பின் பின்பக்கம் பேச்சு ஓடும். நான் கண்ணாடியில் பார்த்தால் நின்றுவிடும். என் வண்டியில் ஏறிக்கொண்டு என் மகளைப் பற்றியே பேசினார்கள். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அவர்களில் சிலர், சாமி மகிமை சொல்ல என்னை ஏற்றிவிட்ட இந்தக் கோயில் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தூக்கமில்லாமல் எத்தனை நாள் மலையில் வண்டி ஓட்ட முடியும்? ஒரு மத்தியானம் வளைவில் கண் செருகி, முன்சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளை, வண்டியில் ஆள் இல்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பிறகு சேர்வராயன் கோயில் இருக்கும் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டேன். "சாமி, எம் பொண்ணக் காப்பாத்திக் குடுத்துட்ட. நாங்க போயிட்டா அவள ஆரு பாத்துக்குவாங்க? ஒரு ஆள அனுப்பு." அதைப் பிரார்த்தனை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சண்டைதான் போட்டேன்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டியது சின்னராசு. அவரும் ஜீப் ஓட்டுகிறவர்தான். சவாரி ஏற்றுவதில் தகராறாகி, ஸ்டாண்டில் வைத்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஊரில் சாமிக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். கதவைப் பாதிதான் திறந்தேன்.

"ஏனுங்க, உள்ள வரலாமுங்களா? நீங்க மொதல்ல தூங்கோணும். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு நான் ஓட்டறனுங்க" என்றார். அவர் மனைவி பழனியம்மா என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். கையில் ரசம் சோறு. செல்வியைச் சாப்பிட வைத்து, பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்துத் தலை வாரிவிட்டார். "நீ போய்ப் படு கண்ணு. பாப்பா பக்கத்துல நா இருக்கறன்." செல்வி அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்கினாள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஏன் என்று அவர்கள் இருவரும் ஒரு நாளும் கேட்கவில்லை. பிறகொரு நாள், சேலத்துக்கு இறங்கும்போது சின்னராசுவே சொன்னார். வெள்ளக்கடை ஊரில் இருந்த அவர் தம்பி இதே மாதிரி போய்ச் சேர்ந்துவிட்டாராம். "ஊரே வந்து ஏன் ஏன்னு கேட்டுச்சுங்க. எங்கம்மா சாப்பிட்டாளான்னு ஒருத்தருங் கேக்குல."

தை பிறந்தபின் ஒரு நாள், குழம்பில் உப்பில்லை என்று நந்தினி அம்மாவோடு சண்டைக்குப் போனாள். "நீயே ஒரு நாளைக்கு ஆக்கிப் பாரு சாமி" என்றாள் செல்வி. எத்தனையோ நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட சத்தம் அது. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாத்திரையும் சாப்பிடுகிறாள். சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் இல்லை.

ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம், சாமி மகிமையை மட்டும் சொல்லுங்கள் என்று இங்கே சொன்னார்கள். அந்த டாக்டரம்மாவையும் என் சாமிதான் அனுப்பியது. இரண்டையும் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

சாமிக்கு நான் பட்ட கடன் பெரிது. ஊருக்கு அப்படியொன்றும் இல்லை. சின்னராசுவும் நானும் இப்போதும் ஸ்டாண்டில் சவாரிக்கு முறைத்துக்கொள்வோம். ஆனால் எந்த வீட்டில் இப்படி நடந்தாலும் இரண்டு பேரும் போகிறோம். பழனியம்மாவோடு செல்வியும் போகிறாள்.

உங்களில் யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தால் கூசாமல் சாமியைக் கேளுங்கள். திட்டிக்கூடக் கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆள் அனுப்புவார். வந்து நிற்பது நானாக இருக்கலாம். என்னைப் பிடிக்காவிட்டாலும் கதவைத் திறந்துவிடுங்கள்.