விரலுக்குத் தெரிந்த மணி

மூன்று வருடம் காத்திருந்த ஒன்று கைக்கெட்டும்போது, ஒருவன் அதை வேண்டாம் என்பானா? எங்கள் ஜோரென்ஜி பௌத்தக் கோயிலில் மணியடித்த இசோகிச்சியை நினைத்தால் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. அங்கே பூசை என் பொறுப்பு. மணி அவன் பொறுப்பு.

எங்கள் கோயில் மூன்று முறை எரிந்தது. ஒவ்வொரு முறையும் மிஞ்சியது மணிதான். அதை வார்த்த அன்று ஊர்ப் பெண்கள் கொண்டை ஊசிகளைக் கழற்றி உருகிய வெண்கலத்தில் போட்டார்களாம். ஓர் இரும்பு ஊசி உருகாமல் விளிம்பின் உட்புறம் தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, தடவினால் தட்டுப்படும்.

யுத்தத்துக்கு உலோகம் வேண்டுமென்று அரசாங்கத்தார் மணியைக் கேட்டார்கள். பட்டாளத்துக்குப் போகிறவனுக்குப் போல அதற்கும் துணிப்பட்டை சார்த்தி வண்டியேற்றினோம். அதே வண்டியில் இசோகிச்சியின் ஒரே மகன் ஹருஜியும் ஏறினான்.

கனம் இல்லாத மணிக்கூண்டு காற்றில் ஆடியது. இசோகிச்சி ஆற்றிலிருந்து ஒரு பாறையை உருட்டி வந்து மணி இருந்த இடத்தில் தொங்கவிட்டான். விடியற்காலையில் வழக்கம்போல வந்து அதன் கீழே நிற்பான்.

மீன் விற்கும் ஓத்தோகி சீண்டுவாள்: "என்ன இசோ, கல்லு கூவுமான்னு பாக்குறியா?"

"மணி வந்தா எம் மவனும் வருவான். ஒண்ணாத்தானே போனாங்க."

"அப்ப மணிக்கும் சேத்து சோறு வடிச்சு வை."

யுத்தம் முடிந்த இலையுதிர் காலத்தில் ஹருஜி வந்தான், வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டியாக. திறந்தால் உள்ளே எலும்பு இல்லை, ஒரு கூழாங்கல்.

"இது எந்த ஊருக் கல்லு, சாமி?" என்று இசோகிச்சி கேட்டான்.

மறு வருடம், உருக்காமல் விட்ட மணிகள் துறைமுகத்தில் கிடப்பதாகச் செய்தி வந்தது. அடையாளம் காட்டினால் கொண்டுபோகலாம். நாங்கள் இருவரும் போனோம். புல்லுக்குள் நூற்றுக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் விளிம்புக்குள்ளும் இசோகிச்சி கையை விட்டுத் தடவிக்கொண்டே போனான். ஒரு மணியில் அவன் கை நின்றது. வெகுநேரம் அவன் கையை வெளியே எடுக்கவில்லை.

"இல்ல சாமி. நம்மளது இல்ல."

அவன் அடுத்ததற்கு நகர்ந்தபின் நான் அதே இடத்தில் கையை விட்டுத் தடவினேன். ஊசி தட்டுப்பட்டது.

"இசோ" என்றேன். அவன் அதற்கடுத்த மணிக்கு நகர்ந்தான்.

ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நம் மணி அங்கே இல்லை என்றான் இசோகிச்சி; நானும் மறுக்கவில்லை. மறுநாள் விடியலில் பாறைக்குக் கீழே போய் நின்றான். "மணி இன்னும் வரலையே, சாமி" என்றான்.