அவர் எழுதியதை நான் வாசித்த நாள்

கடந்த தவக்காலத்தின் முதல் வாரத்தில் என் கணவர் சேவியர் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். ஐந்து வாரமாகியும் கண் திறக்கவில்லை. மூச்சைக்கூட இயந்திரம்தான் விட்டது. இனி நினைவு திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரை விட்டால் எனக்கு யாருமில்லை.

"ஆண்டவரே, அவரை வீட்டுக்கு அனுப்பும்." என் ஜெபம் இவ்வளவுதான். ஐ.சி.யு. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவேன். அங்கே காலையும் மாலையும் ஒன்றாகக் கரைந்துவிடும். உள்ளே இயந்திரம் மூச்சு விடும் சத்தம், சாந்தோமில் எங்கள் வீட்டுச் சன்னலில் கேட்கும் அலைச் சத்தம் போலவே இருக்கும். எங்கே இருக்கிறேன் என்பதே சில சமயம் மறந்துபோகும்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அப்படி ஜெபித்துக்கொண்டே நான் ஒரு பொய்யையும் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் விழுவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் நம் கோயில் பங்கு மண்டபத்தில், கருணைக் கொலையைச் சட்டமாக்கலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. மறைக்கல்வி டீச்சராயிற்றே என்று 'கூடாது' என்ற அணியில் என்னைப் பேசச் சொன்னார்கள். விளாசித் தள்ளிவிட்டேன். உயிரைக் கொடுத்தவர்தான் எடுக்க வேண்டும், சட்டம் இடம் கொடுத்தால் நாளைக்குப் படுக்கையில் கிடக்கும் ஏழைகளைப் பாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றேன். ஒரே கைதட்டல். பின்வரிசையில் இருந்த என் கணவர் மட்டும் தட்டவில்லை.

அடுத்த வாரமே தி.நகரில் ஒரு நோட்டரியிடம் போய், இரண்டு சாட்சிகளை வைத்து, தனக்கு நினைவு தப்பிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார். உச்ச நீதிமன்றமே இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்றார். உறையை நீட்டி, படித்துவிட்டு எங்கள் டாக்டரிடம் ஒரு நகல் கொடுக்கச் சொன்னார். தற்கொலைக் கடிதத்தைத் தொட்டதுபோல் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிரிக்காமலே பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அவர் கேட்டபோது, கொடுத்தாயிற்று என்றேன்.

மருத்துவமனையில், சார் முன்கூட்டியே ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி. மத்தியானம் நாற்காலியிலேயே கண் அயர்ந்தேன். எங்கள் வீட்டு வாசலில் அவர் நிற்கிறார். நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கி வரும் பை கையில் இருக்கிறது. கால் நிறைய ஈர மணல். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, வெயில்கூட மெதுவாக அடிக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. கொஞ்சமும் கோபமில்லாமல் சொல்கிறார்: "வந்துட்டேன் ரெஜி. சாவி உங்கிட்டதான இருக்கு."

விழித்தபோது முகம் நனைந்திருந்தது. ஆட்டோ பிடித்து நேரே கோயிலுக்குப் போய், பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"டீச்சர், அதுல சார் என்ன எழுதியிருக்கார்னு படிச்சீங்களா?"

இல்லை. மேடையில் அவ்வளவு பேசிய நான் அதைப் படிக்கவே இல்லை. உயிரை எடுப்பது வேறு, பயன் தராத சிகிச்சையை நிறுத்தி இயல்பான மரணத்துக்கு வழிவிடுவது வேறு, பின்னதைத் திருச்சபை தடுக்கவில்லை என்று ஃபாதர் பொறுமையாக விளக்கினார்.

வீட்டுக்கு ஓடி உறையைப் பிரித்தேன். ஊசி போட்டுக் கொல்லச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. பிழைக்க வாய்ப்பில்லை என்றால் இயந்திரம் வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டைப் அடித்திருந்தது. அதற்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தார்: 'என்னை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.'

தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐந்து வாரமாக நான் ஆண்டவரிடம் கெஞ்சியதும், என் கணவர் என்னிடம் கேட்டிருந்ததும் ஒரே காரியம். தடுத்து வைத்திருந்தது நான்தான்.

டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு உறையைக் கொடுத்தேன். இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதித்தன. ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்து, நோயில் பூசுதல் கொடுத்தார். பெரிய வியாழனன்று இயந்திரத்தை எடுத்தார்கள். அந்த நிமிடமே போய்விடுவார் என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தானாக மூச்சு விட்டார். சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வழக்கமாக அவருக்கு மீன் கொடுக்கும் தனம் வந்து எட்டிப் பார்த்தாள். "சாரு ஊட்டுக்கு வந்துட்டாருல்ல, அப்பால இன்னாத்துக்கு டீச்சர் அழுவுற?" என்றாள்.

ஒன்பது நாள் இருந்தார். கடல் காற்று வரும் சன்னலருகே கட்டில். நேரம் எங்களைக் கண்டுகொள்ளாமல் வெளியே எங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் பாடினேன், பேசினேன், பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பத்தாம் நாள் விடியலில், அவர் மார்பில் என் கை இருக்கும்போதே மூச்சு மெல்ல அடங்கியது.

உயிரை எடுக்க ஒரு சட்டம் வேண்டாம் என்று இன்றும் மேடையேறிப் பேசுவேன். ஆனால் இப்போதெல்லாம் பேசி முடித்ததும் உட்கார்ந்து, மற்றவர்கள் சொல்வதையும் கேட்கிறேன். என் விருப்பத்தையும் எழுதி, டாக்டரிடம் நானே நகல் கொடுத்துவிட்டேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் யாராவது இதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், அபசகுனம் என்று அடக்காதீர்கள். பயமாக இருந்தால் ஆண்டவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேளுங்கள், அவர் தாங்குவார். அந்த ஒன்பது நாளுக்காக ஆண்டவருக்கு என் ஆயுசு முழுக்க நன்றி சொல்வேன். ஆனாலும், என் கணவர் வாய் திறந்து பதில் சொல்லக்கூடிய இரண்டு வருடம் எனக்கு இருந்தது. அப்போது கேட்டிருக்கலாம்.