பூட்ஸ் காலோடு அடுக்களைக்குள்

எங்கள் வீட்டு அடுக்களைக்குள் பூட்ஸ் காலோடு வந்த ஒரே மனிதர் ஒரு போலீஸ் ஏட்டு. அம்மா அதை வெகுநாள் சொல்லிக் காட்டினாள். அவர் முகம் எனக்கு நினைவில்லை, பூட்ஸ் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அவர் வந்தது சித்தியின் பாஸ்போர்ட்டுக்காக. நர்ஸ் படித்த சித்திக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் வராவிட்டால் அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விடும். பாஸ்போர்ட் வருவதற்கு முன் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, இந்த விலாசத்தில் இருப்பவள்தானா, வழக்கு ஏதும் உண்டா என்று விசாரித்து எழுத வேண்டும்.

விசாரிக்கிற வீட்டில்தான் வினை இருந்தது. விஸ்வநத்தம் பக்கம் எங்கள் தெருவில் பாதிப் பேர் போல அம்மாவும் கருந்திரி செய்துகொண்டிருந்தாள். வெடிக்குள் நெருப்பைக் கொண்டுபோகும், மருந்து தோய்த்த நூல் அது. லைசென்ஸ் உள்ள கம்பெனியில் செய்தால் தொழில். வீட்டில் செய்தால் கேஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திரியைக் கட்டாகக் கட்டுவது என் வேலை, விரலெல்லாம் கறுத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல் ஏட்டையா வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அம்மா என்னிடம் திரியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொல்லிவிட்டு நாற்காலி இரவல் வாங்க ஓடினாள். மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு அறிவு அதிகம். கட்டிலுக்கு அடியில் எந்தப் போலீஸும் குனிந்து பார்ப்பார், அடுக்களைக்குள் வரமாட்டார் என்று கணக்குப் போட்டேன். திரிக்கட்டுகளைப் பழைய துண்டில் சுருட்டி, கேஸ் அடுப்புக்குப் பின்னால் செருகினேன். பார்த்தால் பாத்திரம் இறக்கும் கரித்துணி மாதிரியே இருந்தது. என் சாமர்த்தியத்தை அம்மாவிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியில் ஏட்டையா உட்கார்ந்து, சித்தி நீட்டிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிகிற நேரத்தில் அம்மா டீ போட அடுக்களைக்குப் போனாள். அங்கே திரி இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். போலீஸை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அவர் என் கையைப் பார்த்தார். "என்ன பாப்பா, கையெல்லாம் கருப்பு?"

கண்மை என்றேன். பத்து விரலுக்கும் மை தீட்டியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "எங்கன இருக்கு?" என்றார். என் கண் அடுக்களைக்குப் போய்விட்டு வந்தது.

"தாயி, டீ வேண்டாம். தீக்குச்சியை உரசாதீக."

அம்மா அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். "ஒரு வாய் டீ குடிக்காமப் போனா எப்புடி ஏட்டையா? இந்தா ஆச்சு." தீப்பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டது.

அவர் எழுந்து நேரே உள்ளே போய் அம்மா கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார். அடுப்புக்குப் பின்னாலிருந்த துண்டை அப்படியே தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். தண்ணீர் கறுக்கிற வரை நின்றார். அம்மா அழுதாள்.

சித்தியைக் காட்டி, "இந்தப் பிள்ளையப் பத்தி விசாரிக்க வந்தேன். அதுல குறை ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை திரியப் பாத்தா கேஸ்தான்" என்று சொல்லிவிட்டு, சித்தியின் காகிதத்தை எழுதி முடித்துக் கிளம்பினார்.

டீயைக்கூடத் தொடாத ஆள் ஏதோ வில்லங்கமாகத்தான் எழுதியிருப்பான் என்றார், பிறகு கேள்விப்பட்ட மாமா. பாஸ்போர்ட் ஒழுங்காக வந்தது. சித்தி விமானம் ஏறினாள். அம்மா திரியை விட்டுவிட்டு காலண்டர் கம்பெனிக்கு பைண்டிங் வேலைக்குப் போனாள்.

ஆனால் அன்று அவர் போன கையோடு, முணுமுணுத்துக்கொண்டே அடுக்களைத் தரையைக் கழுவினாள். நானும் பூட்ஸ் தடத்தின் மேல் கோபமாகத் தண்ணீர் ஊற்றினேன். திரிக்கு மேல் தீக்குச்சி என்று தெரிந்தால் எங்கள் ஊரில் யாரும் வாசலைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். அவருக்கு வாசல் இரண்டடி தூரம். தடம் அடுக்களையைப் பார்த்துப் போயிருந்தது. அது அன்று எனக்குத் தெரியவில்லை ஏட்டையா. நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன்.