என் தம்பி வரைந்த ஒரே முகம்: எலப்புள்ளியிலிருந்து போடிமெட்டு வரை

அப்புனு, உன் இணையப் பக்கத்தில் நான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் போல எனக்கு எழுத வராது. எந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே சாப்பாடு, எவ்வளவு செலவு என்று நீ சொல்லுகிற வரிசையிலேயே நானும் சொல்லப் பார்க்கிறேன்.

இனி படிக்கிறவர்களுக்கு. நான் கதிர்வேலின் அக்கா, பேர் சரசு. அப்புனு என்பது நான் அவனைக் கூப்பிடுகிற பேர். கதிர் போன கார்த்திகையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். நாற்பத்து நான்கு வயது. ஓவியம் வரையப் போகிற ஊர்களைப் பற்றி அவன் இந்தப் பக்கத்தில் எழுதி வந்தது உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துக் கிளம்பிப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று என் மகள் நந்தினி சொன்னாள். நான் எட்டாவதோடு நின்றவள். பேப்பரில் எழுதிக் கொடுக்கிறேன், அவள் டைப் அடிக்கிறாள்.

எங்கள் அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதிமூன்று. நான்தான் வளர்த்தேன். வரையச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு யாரும் இல்லை. கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனி ஒன்றில் மிஷின்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போனான். மிச்சம் விழுகிற பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்து, பழைய பிளைவுட் பலகையில் வரைய ஆரம்பித்தான். முதலில் வரைந்தது ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களை. பின்னாலிருந்து வரைந்தான். அதற்கப்புறம் யாரை வரைந்தாலும் முதுகுதான். நெல் அறுக்கிறவர்கள், கள்ளு இறக்குகிறவர், கல்பாத்தித் தேர் பார்க்க நிற்கிற கூட்டம், எல்லாம் முதுகு.

கொச்சியில் அவன் படங்களைக் கண்காட்சி வைத்தபோது என்னையும் கூட்டிப் போனான். மேடையில் ஒருவர், உழைக்கிறவர்களின் முகத்தை உலகம் பார்ப்பதில்லை, அதனால் இந்த ஓவியரும் காட்ட மறுக்கிறார் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கதிர் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தேன்.

எனக்கு மட்டும் ஒரு குறை உண்டு. நான் முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு படம் போட்டான். அதிலும் முதுகு. "ஏண்டா, எம்மூஞ்சி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். "உங்க முதுகுலயே எல்லாந் தெரியுதுங்க்கா" என்று சிரித்தான். நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அவன் போன பிறகு, தை மாதத்தில், இந்தப் பக்கத்தில் யாரோ ஒரு போட்டோ போட்டு, "இது கதிர் அண்ணன் வரைந்ததா?" என்று கேட்டிருந்தார்கள். ஏலத்தோட்டத்தில் நாலு பெண்கள். மூன்று பேர் முதுகு. நடுவில் இருந்தவள் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் அவன் போடுகிற சின்ன வேல் குறி இருந்தது. எங்கே என்று கேட்டதற்குப் போடிமெட்டுக்குக் கீழே ஒரு எஸ்டேட் சர்ச் ஹால் என்று பதில் வந்தது.

போடிமெட்டுக்குப் போவதாக அவன் மூன்று தடவை போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேலை என்றான். எந்த ஊருக்குப் போனாலும் டீ விலை வரைக்கும் எழுதுகிறவன், அந்த ஊரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

"மாமனுக்கு அங்க ஆரோ இருந்திருக்காங்கம்மா" என்றாள் நந்தினி.

கல்யாணம் வேண்டாம் என்றே இருந்தவன். அவன் போனில் தேடிப் பார்த்தோம், அப்படி ஒருத்தியின் பேர் இல்லை. அதில்தான் எனக்குப் பதைப்பு அதிகமானது. செய்தி போய்ச் சேர வழியே இல்லாமல் ஒருத்தி அந்த மலையில் காத்துக்கொண்டிருந்தால்? அவளிடம் நான் போய்த்தானே சொல்ல வேண்டும்? அவளுக்கென்று ஒரு பட்டுக்கரைச் சேலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி புருஷனுடைய அக்காவை நங்கையா என்று கூப்பிடுவாள். என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லாமலே போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் எலப்புள்ளியில் காலை ஐந்தே முக்காலுக்குக் கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி போகிற பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். உடுமலையில் மூணாறு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதுதான் முக்கியம். அது நிறைய இல்லை. இட்லி சாப்பிடப் போய்ப் பஸ்ஸை விட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டி வரும். நான் இட்லியைக் கட்டி வாங்கிக்கொண்டேன்.

உடுமலையிலிருந்து மூணாறு சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர், நாலு மணி நேரம். சின்னாறு செக்போஸ்ட் தாண்டியதும் காடு. ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ரோட்டில் யானை.

"ஏனுங்க, எப்பப் போகும்?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"அதுக்கு டிக்கெட்டும் இல்ல, டைமும் இல்லீங்க. அதுவாப் பாத்துப் போனாத்தான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 'கதிர் இருக்கானில்ல' என்று ஆரம்பித்தால் 'இருக்கான்' என்கிற சொல்லே இடறியது.

மறையூரில் பத்து நிமிஷம் நிற்கும். வெல்லம் வாங்குவதென்றால் திரும்பி வரும்போது வாங்குங்கள், மலை முழுக்கச் சுமக்க வேண்டாம். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் தேயிலை. பார்க்கிறவர்களுக்கு அழகு. எனக்கு அங்கங்கே குனிந்து நின்ற முதுகுகள்தான் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றையும் அவன் எப்படிப் போட்டிருப்பான் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

மூணாறில் சாப்பிட்டுவிட்டு, பூப்பாறை வழியாகப் போடிநாயக்கனூர் போகிற பஸ்ஸில் ஏறி, போடிமெட்டில் இறங்கினேன். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஒன்றரை மணி நேரம். இறங்கும்போது மூன்று மணி. பஸ் செலவு மொத்தம் முன்னூறுக்குள் முடிந்தது. அங்கே காற்று பலமாக அடிக்கும், காதுக்குத் துணி வேண்டும்.

தோட்டத்து ஜீப் ஒன்று கீழே போக நின்றது. தலைக்கு ஐம்பது ரூபாய். டிரைவர் செல்வம் சின்னப் பையன்.

"சர்ச் ஹாலுக்கா? அங்க இன்னைக்கு ஒண்ணும் இல்லையேக்கா."

"ஒரு படம் பாக்கோணும். அதுல நேரா பாக்கற பொண்ணு ஆருன்னு தெரியுமுங்களா?"

ஜீப்பில் இருந்த நாலைந்து பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"கோணமூக்குப் படமா?" என்றான் செல்வம். "அது எங்க மேரி அத்தை. ஹால் சாவியும் அவுககிட்டதான். ஆனா ஒண்ணு, அவுககிட்ட மூக்கப் பத்தி மட்டும் பேசிறாதீங்க. நடந்துதான் திரும்ப வேண்டியிருக்கும்."

அத்தை என்று சொன்னபோதே, வயதானவராக இருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மேரி, தோட்ட ஆட்கள் குடியிருக்கிற லயத்தில், தன் வீட்டு வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். அறுபது தாண்டியிருக்கும். பலமான கை, வெள்ளைத் தலை. கதிரின் அக்கா என்று சொன்னேன்.

"அந்தத் தம்பி வரலையா? ஆறு வருசமாச்சு. மூக்கச் சரி பண்ணித் தாறேன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார்.

எதற்காக இத்தனை தூரம் வந்தேனோ, அதை வாசலிலேயே, நின்றபடியே சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னேன். மேரி சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஹாலைத் திறந்து, படத்துக்கிட்டே போய், முந்தானையால் அதன் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தூசி எதுவும் இல்லை.

நான் படத்தைப் பார்த்தேன். ஆறடி அகலம் இருக்கும். மூன்று முதுகுகளும் உயிராக இருந்தன. ஒருத்திக்கு இடுப்புவலி என்று தெரிந்தது. ஒருத்தி வேலையை விட்டுவிட்டு யாருடைய பேச்சையோ ஒட்டுக் கேட்கிறாள். இன்னொருத்தி புதுசாகக் கல்யாணம் ஆனவள், எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுவில் மேரி. கழுத்துக்குக் கீழே எல்லாம் சரி. மேலே ஒரு முகம். தோசை மேல் தோசை ஊற்றின மாதிரி அங்கே மட்டும் பெயிண்ட் தடிப்பு. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. மூக்கு இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. பள்ளிக்கூடப் பிள்ளை இதைவிட நன்றாகப் போடும்.

நான் சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு முதல் சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. அப்படியே அழுகையாகிவிட்டது. மேரி என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"சிரி, சிரி. ஊரே சிரிச்சாச்சு, நீ மட்டும் பாக்கியா இருந்த."

வந்த காரணத்தைச் சொன்னேன். அவனுக்கு இங்கே ஒரு பெண் இருந்தாளா என்று கேட்டேன். மேரி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"யாத்தீ! நானா? எனக்கு அப்பவே பேரன் பொறந்தாச்சு!"

"வேற ஆராவது?"

"இல்ல தாயி. இருந்திருந்தா இந்த மலையில எனக்குத் தெரியாம இருக்காது. அது காலையில வரும், இங்கனயே வரையும், எங்க வீட்டுல சாப்பிடும், படுத்துரும்."

சேலை பையிலேயே இருந்தது. அவனை நினைத்து அழுவதற்கு என்னைப் போல இன்னொருத்தி இருப்பாள் என்று எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மேரி பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டு, கப்பைக்கிழங்கு அவித்துக் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். அறுப்புப் பண்டிகைக்கு ஹாலில் மாட்டப் படம் வேண்டும் என்று போதகர்தான் கதிரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நாங்க நாலு பேரு நின்னோம். ஒரு வாரம் கழிச்சு துணிய வெலக்கிக் காட்டுச்சு. பாத்தா நாலு முதுகு! 'ஏன் தம்பி, கர்த்தரோட வீட்டுல வந்து கர்த்தருக்கே முதுகக் காட்டிட்டு நிப்போமா? ஒருத்தியாவது மூஞ்சியக் காட்டணும்'னு நாந்தான் சண்ட போட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அதுக்கு வேர்த்துருச்சு. சரிங்கன்னு சொல்லிட்டுப் போட்டுச்சு, அழிச்சுச்சு. மொத தடவ எம் மாமியா மாதிரி வந்துச்சு. அடுத்து எங்க கணக்கப்பிள்ள மாதிரி. மீச மட்டுந்தான் இல்ல. ஊருக்குப் போயிட்டு மறுபடி வரும். மூணாந்தடவ வந்தப்ப ஏலக்கா ஸ்டோருக்குப் பின்னால போய் உக்காந்துக்கிச்சு. போய்ப் பாத்தா கண்ணுல தண்ணி. 'எனக்கு மூஞ்சி வராதுங்க்கா. எப்பவுமே வந்ததில்லீங்க. ஆருகிட்டயும் சொல்லிறாதீங்க'ன்னுச்சு. அது ஒரு பேச்சுக்கு நாலு 'ங்க' போடுமே."

மேரி சொன்ன விதத்தில் அவன் குரலே கேட்டது.

"யாருட்டயும் சொல்லலம்மா. இத்தன வருசம் கோணமூக்கின்னு பேரு வாங்கிட்டு, வாயத் தொறக்கல. ஆனா ஒங்கிட்டச் சொல்லணும். பழகிப் பாக்கலாம்ல தம்பின்னு கேட்டேன். 'பதினேழு வயசுலருந்து எங்கக்கா மூஞ்சியப் போட்டுப் பாக்கறனுங்க. அது ஒண்ணு வந்தாப் போதும். வர மாட்டீங்குது. கிழிச்சுப் போட்டுர்றேன்'னுச்சு. அந்த அக்கா நீதானே?"

நான்தான் என்றேன்.

அன்று மேரி வீட்டிலேயே தங்கினேன். ஞாயிறு ஆராதனைக்கு ஹால் நிறைந்திருந்தது. எல்லோரும் அந்தக் கோணல் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து பாடினார்கள்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். மேரியைக் கேட்டேன். "எழுது. ஆனா அந்த மூக்கு என்னோடது இல்லன்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். கொச்சியில் பேசியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னதும் படத்தில் இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: முகம் வராத ஒருவன், முகத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் முதுகில் தேடித் தேடிப் பார்த்திருக்கிறான். வரைகிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுக்கும் எதுவோ ஒன்று வராமல் இருக்கும். அதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போனால் ஹால் திறந்திருக்கும். மற்ற நாளில் செல்வம் ஜீப்பில் ஏறி மேரி அத்தை வீடு என்று சொன்னால் போதும். மழை மாதங்களில் அட்டை ஏறும், உப்பு கொண்டு போங்கள். சின்னாறு ரோட்டில் இருட்டின பிறகு விடமாட்டார்கள், அதனால் திரும்பும்போது மத்தியானத்துக்குள் மூணாறைத் தாண்டிவிடுங்கள். முடியாவிட்டால் போடி இறங்கித் தேனி, பழனி வழியாக வாருங்கள், சுற்றுதான், ஆனால் எந்நேரமும் பஸ் உண்டு. படத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். மேரிக்கு முன்னால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து உன் அறையைத் தலைகீழாகத் தேடினேன். என் முகம் போட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட விட்டுவைக்கவில்லை நீ. கண் கோணி, மூக்கு கோணி எப்படி வந்திருந்தாலும் நான் சிரித்துத்தான் இருப்பேன். அப்புறம் ஆணி அடித்து நடுச்சுவரில் மாட்டியிருப்பேன். ஒன்றையாவது எனக்குக் காட்டியிருக்கக் கூடாதா, அப்புனு?