கைக்குக் கை வரும் சமாதானம்

எங்கள் கோயிலில் நற்கருணை ஞாயிறன்று அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. குருவானவர் இறங்கி வந்து, முதல் பெஞ்சில் இருப்பவரின் கூப்பிய கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்து ‘சமாதானம்’ என்பார். வாங்கியவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் அடுத்தவருக்கு. அப்படியே பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வந்து, செருப்புகள் கிடக்கும் வாசல் வரை போய்ச் சேரும். பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் யார் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதைச் சில குடும்பங்கள் வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்துவிடும். எங்கள் குடும்பம் அதில் கெட்டிக்காரக் குடும்பம்.

பெண்கள் பக்கத்தில் அம்மா தூணோரம் உட்காருவாள். அவளுடைய ஒரே அக்காவான என் பெரியம்மா ஜன்னலோரம். நடுவில் எத்தனை பேர் இருந்தாலும் அம்மாவுக்குப் போதாது. பெரியம்மா வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. துறைமுகத்திலிருந்து பறந்து வரும் கரித்தூசி இரண்டு வீட்டுக் கொடித்துணியிலும் ஒன்றுபோலத்தான் படியும். ஆனால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்று பல வருடம் ஆகிவிட்டது.

காரணம் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பெரியம்மா அதை எங்கள் வீட்டில் சொல்லாமலே பேசி முடிக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விட்டாள். உறுதியான பிறகு சொல்லலாம் என்று நினைத்திருப்பாள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளையின் தாயார், பெண்கள் கூட்டம் முடிந்து கோயில் வளாகத்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, பெண் எப்படி என்று விசாரித்தாள். எங்கள் சனங்களிடம் இது வழக்கம்தான். பெண்ணைப் பற்றிப் பெற்றவளைக் கேட்க மாட்டார்கள், சித்தியைக் கேட்பார்கள்.

“பிள்ளை தங்கமான பிள்ளை. சின்னதுல வலிப்பு வரும். இப்ப எப்படின்னு அவங்களைத்தான் கேக்கணும்” என்றாள் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்காவுக்கு வலிப்பு வந்தது கைக்குழந்தையாக இருந்தபோது, காய்ச்சலில், ஒரே ஒரு தடவை. இனி வராது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கும் அது தெரியும். அவள் சொன்னதில் பொய் என்று பிடிப்பதற்கு அதிகம் இல்லை. அதுதான் அதன் சாமர்த்தியம்.

அந்த இடம் தட்டிப்போனது. தட்டிப்போனதோடு நிற்காமல், உங்கள் தங்கச்சியே சொன்னாள் என்று அவர்கள் பெரியம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு சாத்தான்குளம் வரைக்கும் அந்தப் பேச்சு பரவியது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடித்துவிட்டுப் போவார்கள், பதில் வராது. கொஞ்ச காலத்தில் வருகிறவர்களும் நின்றுபோனார்கள். அக்கா வேம்பார் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். கல்யாணம் நடக்கவேயில்லை. இப்போது அவளுக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. இன்றைக்கும் வேம்பார் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவைப் பார்த்தால், “ஸ்தோத்திரம் சித்தி” என்று சொல்வாள். அம்மா தலையை மட்டும் ஆட்டுவாள்.

அம்மா கல் நெஞ்சுக்காரி இல்லை. அதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. அன்றைக்குப் பிறகு குடும்ப ஜெபத்தில் அவள் முழங்கால் போட்டால் எழுந்திருக்க நேரமாகும். அழுவாள். என் கல்யாணத்தன்று பந்தியில் அக்கா இல்லை, அம்மாவுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. அப்பா, ஒரு எட்டு நடந்து போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று கெஞ்சினார், சத்தம் போட்டார், பிறகு சொல்வதை விட்டுவிட்டார். அவர் இறந்தபோது பெரியம்மா வந்து வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். உள்ளே வா என்று அம்மா கூப்பிடவில்லை.

நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் அதற்கு எப்போதும் ஒரே பதில்தான்.

“ஏளா, நான் ஆண்டவர்கிட்ட பாவத்தை அறிக்கை பண்ணிட்டேன். அவரு மன்னிச்சிட்டாரு. நீ எதுக்கு அதைக் கிண்டுத?”

பரலோகத்துக்கு எட்டிய மன்னிப்பு அடுத்த தெருவுக்கு எட்டவில்லை என்று எரிச்சலாக வரும். ஆனால் பெற்றவளிடம் ஓர் அளவுக்கு மேல் வாயாட முடியாது. பகை தீர்ந்து ஒப்புரவாவதைப் பற்றிக் குருவானவர் பிரசங்கம் செய்யும் ஞாயிறுகளில் அம்மா மிகவும் உன்னிப்பாகக் கேட்பாள். வீட்டுக்கு வந்து, நல்ல தேவசெய்தி என்பாள். அன்றைக்கு ராத்திரி மாத்திரை போட்டாலும் தூங்க மாட்டாள்.

கொரோனா வந்ததும் கையைப் பிடித்துச் சமாதானம் கொடுப்பது நின்றது. அவரவர் இடத்திலிருந்தே கும்பிட்டால் போதும் என்றார்கள். ஊரே கலங்கிக் கிடந்தபோது எங்கள் அம்மாவுக்கு மட்டும் அதில் ஒரு நிம்மதி. இது சுத்தமான முறை, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

நோயெல்லாம் ஓய்ந்து ஒருநாள் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த காலையில் அம்மா சேலைகூட மாற்றாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எத்தனையோ வருடம் கடக்க முடியாத தெருவைக் கடக்க எங்களுக்குச் சில நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அக்காதான் கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள். அம்மா கட்டிலருகே உட்கார்ந்து பெரியம்மாவின் வலது கையைத் தன் இரு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள், கோயிலில் பிடிப்பது போலவே.

“அக்கா, என்னை மன்னிச்சிரு. அன்னைக்கு வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்.”

அந்தக் கை அசையவில்லை. அசையக்கூடிய கையும் இல்லை அது. பெரியம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சும்மாவே கண்ணீர் வரும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் முன்பே சொல்லியிருந்ததாக அக்கா சொன்னாள். அது மன்னிப்பா, வெறும் தண்ணீரா என்று கேட்பதுபோல அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு எப்படித் தெரியும்?

புறப்படும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்தாள். சத்தமே உயர்த்தாமல் கேட்டாள்.

“அம்மாகிட்ட கேட்டுட்டீங்க சித்தி. எங்கிட்ட?”

அம்மா செருப்பை மாட்டினாள். பிறகு, “அம்மாவுக்குக் கஞ்சியைத் தண்ணியாக் கொடு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் நாங்கள் எல்லோரும் இதை அக்கா தங்கச்சி சண்டை என்றே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். வாழ்க்கை போனது யாருக்கு என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அம்மா யோசித்திருப்பாள். அதனால்தான் அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நற்கருணை ஞாயிறுக்குள் கையைப் பிடிக்கும் வழக்கம் திரும்ப வந்திருந்தது. பெரியம்மாவுக்கு ஓர் ஆளைத் துணைக்கு வைத்துவிட்டு அக்கா தனியாக வந்தாள். ஜன்னலோரம் போகவில்லை. நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

சமாதானம் முன் பெஞ்சுகளைத் தாண்டி என்னிடம் வந்தது. நான் அம்மாவின் கைகளைப் பிடித்துக் கொடுத்தேன். இனி அவள் திரும்ப வேண்டியதுதான். அக்கா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு காத்திருந்தாள். நான் அம்மாவின் முழங்கையை மெதுவாக இடித்தேன். “அம்மா” என்றேன். அம்மா திரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு உதடு அசைய ஜெபித்துக்கொண்டே இருந்தாள். ஆண்டவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பின் பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தங்களுக்குள் கும்பிட்டுக்கொண்டார்கள். பாட்டு தொடங்கியது. அக்கா கைகளை இறக்கிப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.