பழுது என்று எதைச் சொல்வது

திரையின் வலது மூலையில், பின்னால் இருக்கும் படத்தையே மங்க வைப்பதுபோல, சாம்பல் நிறத்தில் இரண்டு வரிகள் தோன்றின. உரிமத்தை மீண்டும் உறுதி செய்யச் சொல்லின. பீம்ராவ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஓஎஸ் புட்டுக்கிச்சு."

"இன்னாடா சொல்ற? ஓடிக்கினுதானே கீது?"

"ஓடுது. ஆனா நீ யாருன்னு நம்மளையே கேக்குது. மதர்போர்டு மாத்தினோம்ல, வேற கம்ப்யூட்டர்னு நெனச்சிக்கிச்சு."

சினேகா குனிந்து அந்த வரிகளைப் படித்தாள். நெட்டுக்குப்பத்தில் அவள் பெயரில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டர் ஒரே ஒரு அறை. முகத்துவாரத்துக் காற்று ஒரு பக்கம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் இன்னொரு பக்கம். விசைப்பலகைகளைத் துடைக்காமல் எந்தக் காலையும் தொடங்கியதில்லை. இறால் உரிக்கும் பெண்கள், கம்பெனி வேலைக்குப் போக ஆசைப்படும் பெண்கள் என்று சாயங்கால வகுப்புக்கு வருவார்கள். அவர்களுடைய சான்றிதழ் தேர்வை இங்கேயே நடத்திக்கொள்ள இந்த வருஷம்தான் அனுமதி கிடைத்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை. மற்ற கம்ப்யூட்டர்களுக்கு வினாத்தாளைப் பிரித்துக் கொடுக்கும் இந்தப் பெரிய கம்ப்யூட்டரில் மெமரி கூடுதலாக இருக்க வேண்டும், அதை இயக்கும் ஓஎஸ் மென்பொருள் அசலாக இருக்க வேண்டும். தேர்வு நடத்துகிறவர்கள் இன்று சாயங்காலம், இருந்த இடத்திலிருந்தே ஆன்லைனில் சோதித்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் தேர்வு மாதவரத்துக்குப் போய்விடும். போன வருஷம் மாதவரத்தில்தான் வைத்தார்கள். சாயங்கால வகுப்பில் படிக்கும் மலரின் அம்மா அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். மலர் மட்டுமல்ல, பாதிப் பேர் போகவில்லை.

வியாசர்பாடியிலிருந்து பைக்கில் வந்து எண்ணூர் வரை கம்ப்யூட்டர் பார்க்கிற பீம்ராவுக்கு இதெல்லாம் தெரியும். இருந்தும் கேட்டான்.

"கிராக் போட்டுடவா? டீ ஆறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"செக் பண்றவன் கண்டுபுடிச்சிடுவான்."

"கண்டுபுடிக்காத மாதிரியும் கீது."

"வேணாம் பீமு. இது நான் பில்லு போட்டு வாங்குனது. வாங்குன பொருளை நானே எதுக்குடா திருடணும்?"

பீம்ராவ் சிரித்துவிட்டான். "கரெக்டு. அப்ப கீ நம்பர் குடு, போன்ல பேசி வாங்கிடலாம். எங்க கீது?"

சினேகா கம்ப்யூட்டரின் பெட்டியைக் காட்டினாள். பீம்ராவ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பெட்டி முழுவதும் படகு நீலம்.

குப்பத்தில் காகிதத்தை நம்புகிறவர்கள் குறைவு. புயலிலும் வெள்ளத்திலும் முதலில் போவது அதுதான். படகின் நம்பர் படகின் உடம்பிலேயே இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் சினேகாவும், உரிம எண் அச்சடித்த அட்டையைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே அகல டேப்பும் போட்டு வைத்திருந்தாள். அவள் புருஷன் வெற்றி காசிமேட்டு லாஞ்சில் தொழிலுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்கால ஓய்வில் படகுக்குப் பெயின்ட் அடித்தான். மிஞ்சியதில் வீட்டு ஜன்னலுக்கு அடித்தான். அப்போதும் மிஞ்சியதை, துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த இந்தப் பெட்டிக்கு இரண்டு கோட் அடித்துவிட்டான். அன்றைக்கு அவளும் "அழகா கீது" என்றுதான் சொன்னாள்.

கூப்பிட்டதும் வெற்றி கரையிலிருந்து கைலியோடு வந்து நின்றான்.

"இன்னாமே, போன்லயே கத்துற?"

"எந்த ஊர்லயாவது நம்பர் மேல பெயின்ட் அடிப்பாங்களாயா?"

"அடிப்போமே. அடிச்சிட்டு அப்பால நம்பர் எழுதுவோம்."

"எழுதுனியா?"

வெற்றி பெட்டியைப் பார்த்தான், பீம்ராவைப் பார்த்தான். "மாமு, தின்னர் போட்டு தொடச்சா வந்துடாது?"

"எழுத்தும் சேந்து வந்துடும் ணா."

டேப்தான் காப்பாற்றியது. அதன் ஓரத்தைச் சினேகா நகத்தால் தேடிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு உரித்தாள். நீலத் தோல் மொத்தமாகக் கழன்று வர, அடியில் அட்டை, கசங்காமல். "நான் அடிச்ச பெயின்ட்டு ஸ்ட்ராங்கு, பாத்தியா, ஒரே பீஸா வருது" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்புவதற்குள் வெற்றி வெளியே போய்விட்டான்.

ஆனால் உரிம எண்ணை ஏற்றியதும் திரை வேறொரு வரியைக் காட்டியது. இந்த எண் ஏற்கெனவே வேறொரு கம்ப்யூட்டரில் உள்ளது என்றது.

"அந்த வேறொரு கம்ப்யூட்டரும் இதுதான்டா" என்றாள் சினேகா.

போனில் முதலில் பதிவுக்குரல் வந்தது. அதை அழுத்து, இதை அழுத்து என்றது. திரையில் இருந்த நீளமான எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முடியாது என்றது. பாட்டுப் போட்டுக் காக்க வைத்தது. பாட்டு நின்றபோது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சோடு ஒரு பெண் வந்தாள். விவரமெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். மதர்போர்டு பழுதாகி மாத்துனீங்களா, இல்ல இன்னும் நல்லதா வேணும்னு மாத்துனீங்களா?"

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"பழுதுன்னா பழைய கம்ப்யூட்டர்தானுங்க, உரிமம் தொடரும். நல்லதா மாத்துனா இந்த வகை உரிமத்துல அது புதுக் கம்ப்யூட்டர்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பீம்ராவ் கையை ஆட்டினான். ரிப்பேர், ரிப்பேர் என்று சத்தமில்லாமல் வாயசைத்தான்.

ஒரு வார்த்தைதான். சொன்னால் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. சினேகா மேஜை மேல் கழற்றி வைத்திருந்த பழைய போர்டைப் பார்த்தாள். நேற்று ராத்திரி வரை அது ஓடியது. செத்துப்போகாததைச் செத்தது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. கிராக் வேண்டாம் என்றவள் இதை மட்டும் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் மலருக்கு என்ன பதில் சொல்வது? இரண்டும் ஒரே எடையில் அவளுக்குள் நின்றன.

"மேடம், போர்டு ஓடிக்கினுதான் இருந்துச்சு" என்றாள். "மெமரி பத்தல. அதான் மாத்தினேன்."

பீம்ராவ் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அப்படின்னா சிரமம்ங்க மேடம்." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டு, பிறகு நின்றது. "ஆமா, மெமரி மட்டும்தான பத்தல? பழைய போர்டுலயே இன்னொண்ணு சொருகியிருக்கலாமே? எதுக்குப் போர்டையே மாத்துனீங்க?"

"சொருகுற எடம் ரெண்டு கீது மேடம். ஒண்ணு உப்புல போயிட்ச்சு. பச்சையா பூத்து, பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. கடல் பக்கத்துல எல்லாத்துக்கும் ஆவுறதுதானே."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

"மேடம், எங்க ஊர்ல அதுக்குப் பேரு பழுதுங்க."

சினேகா பழைய போர்டில் பச்சை பூத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். குப்பத்தில் பழுது என்றால் நின்றுபோவது. நடுக்கடலில் இஞ்சின் நின்றால் அது பழுது. ஜன்னல் கீல் கையோடு வருவது, சைக்கிள் கம்பி உதிர்வது, ஆணி அடித்த இடத்தில் சுவர் பொங்குவது, இதையெல்லாம் யாரும் பழுதுக் கணக்கில் சேர்ப்பதில்லை. துரு இங்கே வயதாவதைப் போல. வயதை யாரிடம் போய்ப் புகார் செய்வது? ஒரு பக்கம் தின்னப்பட்டுவிட்ட போர்டை முழு போர்டு என்று நினைத்துக்கொண்டுதான் அவளும் உண்மை பேசியிருந்தாள்.

"அப்ப பழுதுன்னே போட்டுக்கங்க" என்றாள் மெதுவாக.

அந்தப் பெண் எண்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்ல, பீம்ராவ் அடித்தான். சாம்பல் நிற வரிகள் போய்விட்டன. வேறு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. சாயங்காலச் சோதனையில் எல்லாக் கட்டத்திலும் பச்சை விழுந்தது. சினேகா மலருக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெயம பரிச்ச எங்கக்கா? மாதவரமா?"

"இங்கயேதான்டி."

"போக்கா! மாதவரம்னா ஒரு நாளு ஊர சுத்தலாம்னு இருந்தேன்." குரல் அழுகிற மாதிரி நடித்தது, ஆனால் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கம்மாட்ட நீயே சொல்லு, நான் சொன்னா நம்பாது."

"சொல்றேன். நீ படிக்கிற வேலையப் பாரு."

பீம்ராவ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் அவனை நிறுத்தி, சினேகா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினாள். கடகடவென்று அது எழுப்பும் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் இத்தனை காலமும் பாடம் நடத்தியிருக்கிறாள்.

"நல்லாத்தானேக்கா சுத்துது?" என்றான் பீம்ராவ்.

"இல்லடா," என்றாள் சினேகா, அந்தச் சொல்லை முதல்முறை சொல்லிப் பார்ப்பவள்போல. "அது ரிப்பேர்."