ரூஷாவுக்குக் கிடைத்த ஒரு வார லீவு

எங்கள் பணிமனையில் ரூஷா முதலில் பேருந்து கழுவிக்கொண்டிருந்தாள். நான் மெக்கானிக். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக அயர்லாந்து, ஆஸ்திரியா என்று கிளம்பிப் போனதும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் இங்கே ஓட்டுநர் பயிற்சி தொடங்கினார்கள். ஐம்பதைத் தாண்டிய ரூஷாவும் போய்ச் சேர்ந்தாள்.

கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் எல்லை தாண்டிவிட்டார்கள். அந்த உரிமம்தான் ஒன்றியத்தின் எல்லா நாட்டிலும் செல்லுமே. சர்க்கரை நோயில் காலை இழந்த கணவனை விட்டுவிட்டு ரூஷாவால் எங்கே போக முடியும்? எங்கள் நாட்டின் கிழக்குப் பகுதியான ஸ்லவோனியாவின் இந்த மூலையிலேயே தங்கிவிட்டாள். பள்ளிப் பிள்ளைகள், டயாலிசிஸ் நோயாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரும் அவள் தலையில்தான். ரொட்டியைக்கூட நின்றபடியே தின்பாள்.

ஒரு நாள் அமைச்சகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார்.

"மேடம், ஓசியெக் நகரத்துல மாநாடு. ஆள் பற்றாக்குறைய எப்படித் தீர்க்கறதுன்னு எல்லா நாடும் சேர்ந்து பேசப்போறாங்க. இந்தப் பயிற்சியோட வெற்றிக்கு நீங்கதான் உதாரணம். வியாழக்கிழமை வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"நான் வந்துட்டா பஸ்ஸ யாரு ஓட்டுறது?"

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பாக்குறீங்க? எனக்குக் கழட்ட மட்டும்தான் தெரியும்" என்றேன்.

ரூஷா போகவில்லை. அவளுடைய புகைப்படத்தைத் திரையில் காட்டினார்களாம்.

அடுத்த ஆண்டு நேபாளத்திலிருந்து லோகேந்திரா வந்தான். ஊரில் லாரி ஓட்டியவன். அந்த உரிமம் இங்கே செல்லாது. மொழியும் தேர்வுமாகப் பல மாதம் ஓடின. அதுவரை என்னோடு டயர் மாட்டினான். அவன் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் ரூஷாவுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. கடலைப் பார்க்கப் போவதாகச் சொன்னவள், வீட்டில் படுத்துத் தூங்கியே வாரத்தைக் கழித்தாள்.

இரண்டு குளிர்காலம் போனது. லோகேந்திரா தயங்கித் தயங்கி அவள் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, ஜெர்மனிக்கு விசா கிடைச்சிருக்கு."

"போடா. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா ஈஸ்டர் முடிஞ்சு போ. அதுவரைக்கும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்."

அவள் கேட்டபடியே ஈஸ்டர் கழிந்துதான் போனான். மறுநாள் காலை அவளிடம் கேட்டேன்.

"புருஷனையும் கூட்டிக்கிட்டு நீயும் போயிருக்கலாமே?"

"போயி? அங்கயும் இதே ஸ்டியரிங்தான்" என்றாள்.

பேருந்துக்குள்ளிருந்து டயாலிசிஸுக்குப் போகும் கிழவர் கத்தினார்: "கதையளந்தது போதும், ஏறும்மா! என் ரத்தம் அங்க சுத்தமாகணும்!"

முழங்காலைப் பிடித்தபடி அவள் ஏறினாள்.